காவேரிப்பட்டணத்திலிருந்து இங்கிலாந்து பென்ஷன் பார்க்கும் வேலை: காரிமங்கலம் தங்கைக்குப் பதில்

காரிமங்கலத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அக்கா, நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம் இருந்தேன். குழந்தைக்கு இப்போது ஒன்றே கால் வயது. பெங்களூரு கம்பெனி ஒன்றில் பென்ஷன் அட்மினிஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிலாந்து ஸ்கீம், பயிற்சி முடிந்ததும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். இது கால் சென்டரா? நம் ஊரில் இருந்துகொண்டு செய்ய முடியுமா? எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்கிற காலத்தில் இது நிலைக்குமா?"

2013-ல் இந்த வேலையில் சேர்ந்தேன். முதல் ஏழு வருடம் பெங்களூரில் ஹாஸ்டல், அப்புறம் வாடகை வீடு. 2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முந்திய வாரம், ஆபீஸ் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரின் பின் சீட்டில் படுக்க வைத்துக் காவேரிப்பட்டணம் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து மாடி அறைதான் ஆபீஸ். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கால் சென்டர் இல்லை. சில டீம்களில் போன் பேசும் வேலையும் உண்டு, சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பெரும்பகுதி கணக்கு, பதிவேடு, கடிதம் மூன்றும்தான். இங்கிலாந்தில் ஒரு கம்பெனி தன் ஊழியர்களுக்காகப் பென்ஷன் திட்டம் வைத்தால், அந்தப் பணம் கம்பெனிப் பணத்தோடு கலக்காமல் தனி டிரஸ்டாக இருக்கும். அதற்கு டிரஸ்டிகள் பொறுப்பு. யார் எத்தனை வருடம் வேலை பார்த்தார், எவ்வளவு தர வேண்டும், எப்போதிலிருந்து, அவர் இறந்தால் யாருக்கு என்பதையெல்லாம் பார்க்கும் வேலையை டிரஸ்டிகள் ஒரு நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் ஒரு கை பெங்களூரிலோ சென்னையிலோ இருக்கிறது. நீங்கள் அந்தக் கையில் ஒரு விரல்.

திட்டம் இரண்டு வகை. ஒன்றில் ஊழியரும் முதலாளியும் மாதாமாதம் பணம் போடுவார்கள், அது முதலீட்டில் வளரும், வளர்ந்ததுதான் கிடைக்கும். 2012-லிருந்து அங்கே தகுதியுள்ள ஊழியர்களை முதலாளியே இதில் சேர்த்தாக வேண்டும் என்று சட்டம். 2019 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சம் 8 சதவீதம், அதில் முதலாளி பங்கு 3 சதவீதமாவது இருக்க வேண்டும். இந்த வகையில் கணக்கு எளிது, ஆட்களின் எண்ணிக்கை அதிகம்.

இன்னொன்று பழைய வகை. கடைசிச் சம்பளத்தையும் வேலை பார்த்த வருடங்களையும் வைத்து ஆயுள் முழுக்க இவ்வளவு என்று வாக்குக் கொடுப்பது. உதாரணத்துக்கு, வருடத்துக்கு அறுபதில் ஒரு பங்கு என்றிருந்தால், 24 வருடம் வேலை பார்த்து 30,000 பவுண்டு சம்பளத்தில் ஓய்வு பெற்றவருக்கு வருடம் 12,000 பவுண்டு. நம் ஊர் இ.பி.எஃப். பென்ஷன் இதே இனம்தான். 1995 நவம்பர் 16-ல் வந்த திட்டம். சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பது. 15,000 ரூபாய் உச்சவரம்பில் 18 வருடம் என்றால் மாதம் 3,857 ரூபாய். ஆடிட்டர் ஆபீசில் இந்தக் கணக்கைப் பார்த்திருப்பீர்கள். அது தெரிந்தால் இங்கிலாந்துக் கணக்கின் எலும்பு தெரிந்த மாதிரி.

சதை வேறு. அங்கேதான் புதிதாக வருகிறவர்கள் திணறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒருவருக்கு வருடம் 12,000 பவுண்டு பென்ஷன் என்றால் அது ஒரே தொகை இல்லை. நம் பட்டாவில் ஒரே சர்வே நம்பர் 1ஏ, 1பி, 1சி என்று உட்பிரிவாக இருப்பதில்லையா, அப்படி. பார்த்தால் ஒரே காடு, ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கதை. 1978 ஏப்ரல் 6-லிருந்து 1997 ஏப்ரல் 5 வரை வேலை பார்த்த காலத்துக்கு ஜி.எம்.பி. என்று ஒரு துண்டு இருக்கலாம். அரசாங்கத்தின் கூடுதல் பென்ஷனிலிருந்து விலகிய திட்டங்கள், "விலகினாலும் குறைந்தது இவ்வளவு தருவோம்" என்று கொடுத்த உத்தரவாதம் அது. அதிலேயே 1988 ஏப்ரலுக்கு முன் ஒரு துண்டு, பின் ஒரு துண்டு. முந்தியதற்குத் திட்டம் வருடாந்திர உயர்வு தர வேண்டியதில்லை. பிந்தியதற்கு விலைவாசிப்படி, ஆனால் 3 சதவீதத்துக்கு மேல் போகாமல். 1997 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்த பென்ஷனுக்கு உயர்வு 5 சதவீதம் வரை, 2005 ஏப்ரலுக்குப் பின் சேர்ந்ததற்கு 2.5 சதவீதம் வரை. இவை சட்டம் கேட்கும் குறைந்தபட்சம். திட்ட விதியில் இதைவிடத் தாராளமாக எழுதியிருந்தால் அதுதான் செல்லும்.

2022 செப்டம்பரில் இங்கிலாந்து விலைவாசி உயர்வு 10.1 சதவீதம். அங்கே அரசுப் பென்ஷன் 2023 ஏப்ரலில் அதே 10.1 சதவீதம் ஏறியது. எங்கள் ஸ்கீம் பென்ஷனர்களில் பலருக்கு மூன்றும் ஐந்தும் கலந்து ஏதோ ஒரு எண். "பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்து சதவீதம் ஏறியது, எனக்கு ஏன் மூன்றரை?" என்று அந்த மே மாதம் முழுக்கக் கடிதங்கள். ஒவ்வொருவருக்கும் அவருடைய உட்பிரிவுகளை எடுத்து வைத்து, கோபப்படாமல், எளிய ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டியிருந்தது. நம் ஆட்களுக்குக் கணக்கு வந்துவிடும். இந்தக் கடிதம் எழுதுவதுதான் வருவதற்கு நாளாகும். பி.காம். தேர்வில் எழுதிய ஆங்கிலம் இதற்கு உதவாது. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள், வாக்கியம் தானாகச் சின்னதாகிவிடும்.

வேலை எப்படி ஓடும் என்றால், அங்கே வரும் தபாலை ஸ்கேன் செய்து கியூவில் போடுவார்கள். முகவரி மாற்றம், வங்கிக் கணக்கு மாற்றம், ஓய்வு பெறக் கணக்குக் கேட்பது, வேறு திட்டத்துக்கு மாற்ற மதிப்புக் கேட்பது, விவாகரத்து, மரணம் என்று ஒவ்வொன்றும் ஒரு கேஸ். ஒவ்வொரு கேசுக்கும் நாள் கணக்கு உண்டு. ஒருவர் செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். செக்கர் பார்க்காமல் எதுவும் வெளியே போகாது. மாதாமாதம் பேரோல் மூடும் தேதிக்கு முந்திய இரண்டு மூன்று நாள் மூச்சு விட முடியாது. மார்ச், ஏப்ரல் இன்னும் மோசம். அவர்களுக்கு வரி வருடம் ஏப்ரல் 6-ல் தொடங்குகிறது, உயர்வும் அப்போதுதான் பல திட்டங்களில் வருகிறது. ஏப்ரலில் வீட்டில் கல்யாணம் வைத்தால் லீவு கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

ஒரு கணக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். ஒருவருக்கு வருடம் 10,000 பவுண்டு பென்ஷன் வரவேண்டும். அவர் அதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, ஓய்வு பெறும்போதே வரியில்லாமல் மொத்தப் பணம் வாங்கலாம். அவருடைய திட்டத்தில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 15 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அதிகபட்சம் எவ்வளவு? வரி விதிப்படி மொத்த மதிப்பில் கால் பங்கு. மதிப்பு என்பது மீதிப் பென்ஷனை 20-ஆல் பெருக்கி, வாங்கும் பணத்தையும் கூட்டியது. கணக்குப் போட்டால் 46,153 பவுண்டு கையில், மீதிப் பென்ஷன் வருடம் 6,923 பவுண்டு. மென்பொருள் இதை ஒரு நொடியில் போடும். ஆனாலும் காகிதத்தில் ஒரு முறை போட்டுப் பாருங்கள். போட்டவர்களுக்கு மட்டும்தான் மென்பொருள் தப்பான எண் தரும்போது உறுத்தும்.

இதே மாதிரி ஒரு கேசில்தான் என் பெரிய தவறும் நடந்தது. சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதன் உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது.

2021-ல் ஒரு பென்ஷனர் இறந்த கேஸ் என் கியூவில் வந்தது. அவர் ஓய்வு பெறும்போது மொத்தப் பணம் வாங்கியவர். மனைவிக்குப் பாதிப் பென்ஷன். எதில் பாதி? வாங்கிக்கொண்டிருந்த குறைந்த பென்ஷனில் பாதியா, பணம் வாங்குவதற்கு முன் இருந்த முழுப் பென்ஷனில் பாதியா? பல திட்டங்களில் முழுப் பென்ஷனை வைத்துத்தான். மனைவியின் உரிமையைக் கணவர் பணமாக்கியிருக்க முடியாது என்பது அதற்குக் காரணம். சில திட்டங்களில் வேறு மாதிரி. அந்த ஸ்கீமில் எது என்று எனக்கு நிச்சயமில்லை. இரவு ஒன்பது மணி. பெங்களூரு ஆபீசில் இருந்திருந்தால் நாற்காலியைத் திருப்பி, "இந்த ஸ்கீமில் ஸ்பௌஸ் பென்ஷன் எதில எடுக்கிறோம்?" என்று கேட்டிருப்பேன். பத்து விநாடி. இங்கே மாடி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன். சாட்டில் சீனியரின் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி, ஆள் இல்லை. இந்த நேரத்தில் போன் செய்தால் என்ன நினைப்பாரோ என்று ஒரு தயக்கம். திட்ட விதிகள் 140 பக்க ஸ்கேன், தேடினால் வார்த்தை கிடைக்காத பழைய டைப் எழுத்து. முந்தைய கேஸ் ஒன்றைப் பார்த்தேன், அதில் குறைந்த பென்ஷனில் போட்டிருந்தது. அதே மாதிரி போட்டு அனுப்பிவிட்டேன். நான் பார்த்த முந்தைய கேசில் அந்த மனிதர் மொத்தப் பணமே வாங்கியிருக்கவில்லை. இருப்பதுதான் முழுப் பென்ஷன். அதை நான் கவனிக்கவில்லை. செக்கரும் என் தாளில் இருந்த எண்ணை வைத்தே சரிபார்த்தார்.

மேலே சொன்ன எண்ணிலேயே சொன்னால், இடையில் வந்த உயர்வுகளைத் தள்ளிவிட்டு, அந்த அம்மாவுக்கு வருடம் 5,000 வர வேண்டிய இடத்தில் 3,461 போனது. ஐந்து மாதம் கழித்து ஆடிட்டில் பிடிபட்டது. நிலுவையும் மன்னிப்புக் கடிதமும் போயின. அந்தக் கடிதத்தை எழுதச் சொல்லி எனக்கே கொடுத்தார்கள். கணவர் போன முதல் குளிர்காலத்தை அந்த அம்மா குறைந்த பணத்தில் கழித்திருக்கிறார். அந்த ஊரில் குளிர்காலம் என்றால் வீட்டைச் சூடாக்கும் கரண்ட் பில், கேஸ் பில். அதை நினைத்து எத்தனையோ இரவு தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் கேசை பெண்டிங்கில் போட்டு, கேள்வியை எழுதி, யாரிடம் கேட்டேன் என்று குறித்துவிட்டுத்தான் அடுத்த கேசுக்குப் போவேன். நாள் கணக்கு ஒரு நாள் தவறினால் டீம் லீடர் கேட்பார், பதில் சொல்லிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வேலை என்றதும் எல்லாரும் கரண்டைப் பற்றியும் நெட்டைப் பற்றியும் கவலைப்படுகிறார்கள். கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் இல்லாததுதான் அதைவிடப் பெரிய குறை. முதல் ஒரு வருடம் வெட்கப்படாமல் போன் செய்யுங்கள். "சும்மா சும்மா கேட்கிறாள்" என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பயிற்சிக் காலம் எத்தனை வாரமோ அத்தனையும் நேரில் இருக்கப் பாருங்கள். அப்போது பழகும் நாலு பேர்தான் பின்னால் உங்களுக்குப் பக்கத்து நாற்காலி.

இனி ஊர் விஷயம். நம் பக்கம் தாராளமாகச் செய்யலாம், ஏற்பாடு மட்டும் முன்கூட்டியே வேண்டும். காவேரிப்பட்டணம், காரிமங்கலம், பாலக்கோடு, பர்கூர் மாதிரி ஊர்களில் கேபிள்காரரிடமே ஃபைபர் கிடைக்கிறது. அஞ்செட்டி, பென்னாகரம் பக்க மலையோரக் கிராமம் என்றால் முதலில் சிக்னலைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். ஃபைபர் ஒரு கம்பெனி, மொபைல் ஹாட்ஸ்பாட் இன்னொரு கம்பெனி என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பெனியில் இரண்டு வைத்தால் விழும்போது இரண்டும் சேர்ந்து விழும். மாதாந்திர ஷட்டவுன் முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், அது பிரச்சினை இல்லை. சித்திரை, வைகாசியில் சாயங்காலம் திடீரென்று கிளம்பும் கோடைக் காற்றுதான் பிரச்சினை. மாங்காயையும் கொட்டிவிட்டு, கம்பியையும் அறுத்துவிட்டுப் போகும். கரண்ட் மூன்று நாலு மணி நேரம் வராது. இன்வெர்ட்டர் இருந்தால் லேப்டாப்புக்கும் ஒரு ஃபேனுக்கும் தாராளம். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்க மறந்துவிடாதீர்கள். எலக்ட்ரீஷியன் லைட்டையும் ஃபேனையும் சேர்த்துவிட்டுப் போய்விடுவார், ரவுட்டர் இருக்கும் பிளக் செத்துக் கிடக்கும். எனக்கு அப்படித்தான் ஆனது.

அறை தனியாக வேண்டும், கதவோடு. இது வசதிக்காகச் சொல்வதில்லை. உங்கள் திரையில் ஒரு மனிதருடைய பிறந்த தேதி, தேசியக் காப்பீட்டு எண், வங்கிக் கணக்கு, சில கேசில் டாக்டர் எழுதிய நோய் விவரம் வரைக்கும் இருக்கும். கூடத்தில் உட்கார்ந்து, பின்னால் அத்தை மொச்சை உரித்துக்கொண்டிருக்க, இந்த வேலையைப் பார்க்கக் கூடாது. அத்தைக்கு ஒன்றும் புரியாதுதான். இருந்தாலும் தன் விவரத்தை நம்பிக் கொடுத்தவருக்கு நாம் தர வேண்டிய மரியாதை அது. பிரிண்ட் எடுக்க அனுமதி இருக்காது, யு.எஸ்.பி. அடைத்திருப்பார்கள், செல்போனில் திரையைப் படம் எடுத்தால் வேலை போய்விடும். துண்டுக் காகிதத்தில் யாருடைய எண்ணையும் எழுதாதீர்கள். நான் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருக்கிறேன், கணக்குப் போட்டுவிட்டு அன்றன்றைக்கே துடைத்துவிடுவேன். மாமியார் வீட்டுக்குப் பத்து நாள் போகும்போது லேப்டாப்பையும் எடுத்துப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள்.

நேரம் குழந்தையோடு எப்படி ஒத்துப்போகும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அவர்களுடைய காலை எட்டு மணி கோடையில் நமக்கு மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஆக ஷிஃப்ட் இரவு 9.30 அல்லது 10.30 வரை போகும். காலையில் சமைத்து, குழந்தையைக் குளிப்பாட்டி, கொஞ்சம் தூங்கக்கூட நேரம் இருக்கும். ஆனால் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை, குழந்தை அம்மாவைத் தேடும் நேரம், நீங்கள் கதவுக்குப் பின்னால் இருப்பீர்கள். அந்த மூன்று மணி நேரத்தை யார் பார்த்துக்கொள்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். "பார்த்துக்கலாம்" என்று சொல்லிச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்தில் விட்டுவிட்டதைப் பார்த்திருக்கிறேன். என் பையனுக்கு அப்போது மூன்று வயது. எட்டு மணிக்கு அரை மணி நேரம் இடைவேளை கேட்டு வாங்கி, களியோ சோறோ நானே ஊட்டிவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்வேன். கேட்டால் கொடுப்பார்கள், கேட்க வேண்டும். பொங்கலுக்கு லீவு உண்டா, இல்லை அவர்களுடைய ஈஸ்டருக்குத்தானா என்பதையும் இப்போதே கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வீட்டிலிருந்து வேலை என்ற பெயரில் ஏமாற்றுவோரும் இருக்கிறார்கள். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலும் அது பொய். உண்மையான கம்பெனி உங்கள் பழைய ஆபீஸ் வரை விசாரிக்கும், லேப்டாப் அதுவே தரும், பி.எஃப். பிடிக்கும்.

நிலைக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். எளிய வேலை குறைந்துகொண்டுதான் வருகிறது. முகவரி மாற்றத்தையும் சாதாரணக் கணக்கையும் உறுப்பினர்களே வெப்சைட்டில் செய்துகொள்கிறார்கள். நான் சேர்ந்தபோது புதியவர்களுக்கு முதல் ஆறு மாதம் அதைத்தான் கொடுத்தார்கள், இப்போது அந்தப் படிக்கட்டே இல்லை. நேராகக் கடினமான கேசுக்கு வர வேண்டியிருக்கிறது.

ஆனால் கடினமானது நிறைய இருக்கிறது. ஜி.எம்.பி. சொன்னேன் அல்லவா, அதில் ஆணுக்கு 65, பெண்ணுக்கு 60 என்று வயது வேறு, சேரும் வேகமும் வேறு. 1990 மே 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், கம்பெனிப் பென்ஷனும் சம்பளம்தான், ஆண் பெண் என்று பிரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஜி.எம்.பி.க்கும் அது பொருந்துமா என்பது பல வருடம் இழுத்தது. 2018 அக்டோபர் 26 அன்று லாயிட்ஸ் வங்கித் திட்டங்கள் பற்றிய வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் பொருந்தும் என்றது. 1990 மே 17-லிருந்து 1997 ஏப்ரல் 5 வரையிலான வேலைக்கு ஒவ்வொருவருக்கும் திரும்பக் கணக்குப் போட வேண்டும். 2020-ல் இன்னொரு தீர்ப்பு, முன்பே பணத்தை வேறு திட்டத்துக்கு மாற்றிக்கொண்டு போனவர்களையும் சேர்த்தது. இறந்தவர்களின் வாரிசுகளைக்கூடத் தேடுகிறோம். நாற்பது வருடத்துக்கு முந்திய சம்பள அட்டையின் மங்கிய ஸ்கேனைப் பெரிதாக்கி, அது 3-ஆ 8-ஆ என்று பார்க்கும் வேலை இது. நான் பார்த்த வரை இதில் இயந்திரம் உதவும், முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் டாஷ்போர்டு. இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் தன் எல்லாப் பென்ஷனையும் ஒரே திரையில் பார்க்க ஏற்பாடு செய்கிறார்கள். திட்டங்கள் அதில் இணைவதற்குக் கெடு 2026 அக்டோபர் 31. அதற்குப் பெயர், பிறந்த தேதி, காப்பீட்டு எண் எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். கல்யாணத்தில் குடும்பப் பெயர் மாறியதைத் திட்டத்துக்குச் சொல்லாதவர்கள் ஏராளம். இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. என் அப்பா கிரானைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பி.எஃப். கணக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் தாத்தா பெயர் முழுசாக. பென்ஷன் தொடங்க அந்த மூன்றையும் ஒன்றாக்கிக் கொடுக்க ஏழு மாதம் அலைந்தோம். அப்பா ஒவ்வொரு முறையும் அதே மஞ்சள் பையில் அதே காகிதங்களை எடுத்துக்கொண்டு வந்து என் பின்னால் நிற்பார். இன்றைக்கும் பெயர் பொருந்தாத கேஸ் வந்தால் அந்த மஞ்சள் பை கண் முன் வரும்.

மோசடி தடுப்பும் இருக்கிறது. 2021 நவம்பர் 30 முதல், ஒருவர் தன் பென்ஷன் பணத்தை வேறு இடத்துக்கு மாற்றக் கேட்டால் ஆபத்து அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். சிவப்பு அறிகுறி என்றால் மாற்றக் கூடாது, மஞ்சள் என்றால் அவர் முதலில் அரசின் இலவச ஆலோசனை பெற வேண்டும். தெரியாத ஒருவர் போன் செய்து, வெளிநாட்டு முதலீடு, உடனே செய்தால்தான் லாபம் என்று அவசரப்படுத்தியிருப்பார். முப்பது வருடச் சேமிப்பு ஒரே கையெழுத்தில் போய்விடும். ஒரு கேசில் சரியான கேள்வி கேட்டு நிறுத்தினேன். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர், "நான் மாற்றவில்லை, நன்றி" என்று இரண்டு வரி அனுப்பினார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பழைய வகைத் திட்டங்கள் பலவும் புதியவர்களுக்கு மூடிவிட்டன. சிலவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் மொத்தமாக வாங்கிக்கொள்கின்றன. அப்போது நிர்வாகமும் அங்கே போகும், உங்கள் டீம் கலையலாம். ஆனால் இப்போது ஐம்பது வயதில் இருக்கும் உறுப்பினர் அறுபதைத் தாண்டி ஓய்வு பெற்று, எண்பது தொண்ணூறு வரை இருந்து, அவருக்குப் பின் மனைவியும் வாங்குவார். அந்தக் கணக்கை யாராவது பார்த்தாக வேண்டும். கம்பெனி மாறினாலும் தொழில் தெரிந்தவருக்கு இடம் இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். இரண்டு வருடம் கழித்து, இங்கிலாந்தின் பென்ஷன்ஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட் நடத்தும் தேர்வுகளில் ஒன்றை எழுதப் பாருங்கள். பல கம்பெனிகள் கட்டணத்தைத் திருப்பித் தருகின்றன.

உங்களுக்கு என் பதில், சேருங்கள் என்பதுதான். ஆடிட்டர் ஆபீசில் வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண் இதற்கு நன்றாகப் பொருந்தும். பயிற்சி பெங்களூரில் என்றால் குழந்தையையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சில வாரம் ஒரு அறை எடுத்து இருக்க முடியுமா பாருங்கள். தேதி தெரிந்ததும் சொல்லுங்கள். ஜி.எம்.பி. துண்டுகளை எப்படிப் பிரிப்பது என்று போவதற்கு முன் ஒரு முறை காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். சனிக்கிழமை எனக்கு லீவு, காரிமங்கலத்திலிருந்து பஸ்சில் கிட்டத்தில்தான். குழந்தையையும் எடுத்து வாருங்கள், என் பையன் விளையாட்டுக் காட்டுவான்.